எடைக்கு ஒரு விலை, உருப்படிக்கு ஒரு விலை: பம்பாயின் பழைய கார்களும் ஸ்டார்ட்டர் ரிலேயின் வரலாறும்

2003 அக்டோபர் 29 அன்று மும்பை தார்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு பிரீமியர் பத்மினி, கறுப்பு-மஞ்சள் டாக்சியாகப் பதிவுபெற்றது. அவ்வகையில் பதிவான கடைசி வண்டி அதுதான். மும்பையில் டாக்சிக்கு வயது வரம்பு 20 ஆண்டு. ஆகவே 2023 அக்டோபர் 30 முதல் நகரச் சாலைகளில் பத்மினி டாக்சி இல்லை. அந்த வாரத்தில் வெளியான பிரியாவிடைக் கட்டுரைகள் பெரும்பாலும் திரைப்படக் காட்சிகளையும் கூரையின் மஞ்சள் நிறத்தையும் கியர் மாற்றும் கைப்பிடியையும் நினைவுகூர்ந்தன. வரலாற்று மாணவருக்கு அதனினும் எளியதொரு கேள்வி எழ வேண்டும். உற்பத்தி நின்று இருபது ஆண்டுக்கு மேலான ஒரு வண்டி, நாள்தோறும் பலமுறை நிறுத்தி எழுப்பப்படும் வாடகைத் தொழிலில், கட்டுபடியாகும் செலவில் எப்படி ஓடியது?

இக்கேள்வியை இஞ்சினிலிருந்தோ வடிவமைப்பிலிருந்தோ தொடங்காமல், கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு சிறு பொருளிலிருந்து தொடங்குகிறேன். அது ஸ்டார்ட்டர் ரிலே. பட்டறைப் பேச்சில் சொலினாய்டு. ஒரு பொருள் மலிவாகக் கிடைப்பது இயல்பான நிலையன்று என்பதே இப்பதிவின் வாதம். அரசின் கொள்கை, ஒரு தொழிற்சாலை, பல்லாயிரம் டாக்சிகள், பழைய இரும்புக் கடைச் சந்து ஆகிய நான்கும் ஒருசேர நின்ற காலத்தில்தான் அந்த மலிவு நிலவியது. அவை ஒவ்வொன்றாக விலகியபோது மலிவும் விலகிற்று.

1. பொருள்

பெட்ரோல் இஞ்சின் தானாக எழாது. யாரேனும் அதை முதலில் சுழற்றித் தரவேண்டும். தொடக்க காலத்தில் அவ்வேலையை முன்புறம் செருகிய இரும்புக் கைப்பிடி செய்தது. அது பின்னுதைத்தால் மணிக்கட்டு முறியும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டுக் கேடிலாக் கார்களில் இடம்பெற்ற பிறகு கைப்பிடி மெல்ல ஓய்வுபெற்றது. அன்று அதற்கு வழங்கிய ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்ற பெயரின் முன்பாதியைத்தான் நம் மெக்கானிக்குகள் இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்னும் வாக்கியத்தில் ஒரு நூற்றாண்டுத் தொழில்நுட்ப வரலாறு உறைந்திருக்கிறது.

ஸ்டார்ட்டர் மோட்டார் இயங்கும் சில விநாடிகளில் நூறு ஆம்பியரையும் தாண்டி மின்னோட்டம் பாயும். சாவித்துளையின் மெல்லிய தகடுகள் அதைத் தாங்கா. எனவே இடையில் ஒரு காவலாள் வேண்டும். சாவி சில ஆம்பியர்களை மட்டும் ஒரு செப்புக்கம்பிச் சுருளுக்கு அனுப்புகிறது. சுருள் காந்தமாகி ஓர் இரும்புத்தண்டை இழுக்கிறது. தண்டின் முனையிலுள்ள செப்புத்தட்டு இரு தடித்த போல்ட்டுகளை இணைக்கிறது. பேட்டரியின் முழு வலிமையும் மோட்டாருக்குச் செல்கிறது. சிறு ஓட்டத்தால் பெரு ஓட்டத்தை ஆளும் இந்த ஏற்பாடே ரிலே.

பிரிட்டிஷ் மரபு வண்டிகள் பலவற்றில் இது மோட்டாரிலிருந்து விலகி, இஞ்சின் அறையின் சுவரில் தனியே பொருத்தப்பட்டிருந்தது. சிலவற்றின் முனையில் ஒரு ரப்பர்க் குமிழும் இருக்கும். பானெட்டைத் திறந்து அதைக் கட்டைவிரலால் அழுத்தினால், சாவியைத் தொடாமலே இஞ்சினைச் சுழற்றலாம். பிற்கால வண்டிகளில் சொலினாய்டு மோட்டாரின் முதுகிலேயே ஏறிக்கொண்டது. அக்காலச் சிறு ஃபியட் கார்கள் சிலவற்றில் ரிலேயே கிடையாது. ஓட்டுநர் ஒரு கம்பியை இழுத்தால் தொடர்புத் தட்டுகள் நேரே சேரும்.

ரிலே சாகும் விதமும் இப்பதிவுக்கு முக்கியம். ஒவ்வொரு முறை இணையும்போதும் பிரியும்போதும் செப்பு முகங்களுக்கிடையே பொறி பறக்கிறது. முகம் கருகிக் குழிவிழுகிறது. பிறகு சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற ஒலி மட்டும் கேட்கும், மோட்டார் அசையாது. சுருள் நலமாக இருக்கிறது, தண்டும் நகர்கிறது, செப்புதான் தேய்ந்துவிட்டது. அதாவது, இப்பொருள் இறக்கும்போது அதன் பெரும்பகுதி உயிரோடுதான் இருக்கிறது. மலிவின் முதல் வாசல் இந்த இயற்பியல் உண்மைதான்.

2. உறைந்த வடிவம்

பம்பாயில் கார்த் தொழிற்சாலை அமைக்கும் திட்டத்தை விசுவேசுவரய்யா 1930களின் நடுவிலேயே வகுத்தார். வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1947-இல் குர்லாத் தொழிற்சாலையிலிருந்து கிரைஸ்லர் குழும வண்டிகள் வெளிவந்தன. 1950களின் தொடக்கத்தில் இத்தாலியின் ஃபியட்டுடன் உடன்பாடு ஏற்பட்டது. 1954-இல் ஃபியட் 1100, 1964-இல் 1100 டிலைட், 1970களில் முதலில் பிரீமியர் பிரசிடென்ட் என்றும் பிறகு பிரீமியர் பத்மினி என்றும் பெயர்கள் மாறின. டிலைட்டுக்குப் பின் பெயர் மாறியதே தவிர, எலும்புக்கூடு மாறவில்லை.

இந்த உறைநிலைக்கு அரசே காரணம் என்பது தெரிந்த செய்தி. 1953-ஆம் ஆண்டுச் சுங்கவரி ஆணையம், உதிரிபாகங்களைக் கொணர்ந்து பூட்டிவிற்கும் தொழிலுக்கு இனி இடமில்லை, உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டமுடையோரே நீடிக்கலாம் என்ற நிலையை எடுத்தது. 1928 முதல் பம்பாயில் கார்களைப் பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954-இல் கதவை மூடியது. ஃபோர்டும் விலகியது. 1957-ஐ ஒட்டிய அந்நியச் செலாவணி நெருக்கடி இறக்குமதி உரிமங்களை மேலும் இறுக்கியது. கார் விலையையும் அரசே நிர்ணயித்தது. அவ்விலை நியாயமானதா என்ற வழக்கு 1971-இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புக்கு வந்தபோது, வழக்கின் பெயரிலேயே பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் இருந்தது.

பொருளியல் வரலாற்றாசிரியர் இக்காலத்தைத் தேக்கமாகவே மதிப்பிடுவர். வாங்குபவரின் பார்வையில் அது சரி. ஆண்டுக்கணக்கான காத்திருப்பும், போட்டியின்மை தந்த அலட்சியமும் உண்மை. ஆனால் பழுது பார்ப்பவரின் பார்வையில் அதே தேக்கம் வேறொரு பொருள் தருகிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வடிவம் மாறாத வண்டியின் உறுப்பு, எந்த ஆண்டில் செய்யப்பட்டாலும் எந்த ஆண்டின் வண்டிக்கும் ஏறக்குறையப் பொருந்தும். கடைக்காரர் பத்து வகை ரிலேக்களை வாங்கி முடக்கி வைக்க வேண்டியதில்லை. கற்றுக்கொள்ளும் சிறுவன் ஒரே உறுப்பை ஆயிரம் முறை கழற்றிப் பூட்டுகிறான். புதுமை இல்லாததால் வாங்குபவர் இழந்ததில் ஒரு பங்கை, பழுதுபார்ப்பின் எளிமை அவருக்குத் திருப்பிக் கொடுத்தது. இந்தக் கணக்கின் மறுபக்கத்தை நம் பொருளியல் நூல்கள் இன்னும் எழுதவில்லை என்றே நினைக்கிறேன்.

3. பாடியிலிருந்து பம்பாய்க்கு

கார் பம்பாயில் பிறந்தது. காரை எழுப்பும் மின்னுறுப்புகளின் கதையில் சென்னைக்கு ஒரு பெரும்பங்கு உண்டு. மதுரையில் 1911-இல் வேர்விட்ட டி.வி. சுந்தரம் அய்யங்கார் நிறுவனம் பேருந்துத் தொழிலிலிருந்து வளர்ந்தது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் அருகியபோது, கரியை எரித்து வாகனம் ஓட்டும் வாயுக்கலங்களைச் செய்தது. தட்டுப்பாட்டையே பயிற்சிக்களமாக்கிய அந்த நிறுவனம், 1961-இல் பர்மிங்காமின் லூகாஸ் நிறுவனத்தோடு இணைந்து லூகாஸ்-டி.வி.எஸ். என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னைப் பாடியில் ஸ்டார்ட்டர் மோட்டார், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், இக்னிஷன் காயில் ஆகியவை உருவாயின.

இங்கு கவனிக்க வேண்டியது, இத்தகைய உறுப்புத் தொழிற்சாலை ஒரே காரை நம்பி நிற்பதில்லை என்பதுதான். கார், ஜீப், லாரி, டிராக்டர் ஆகிய அனைத்துக்கும் ஸ்டார்ட்டர் வேண்டும். ஆகவே ரிலே என்ற உறுப்பு எந்தவொரு காருக்கும் சொந்தமில்லாத பொதுச்சொத்தாகப் பரவியது. அதற்குத் தெரியவேண்டியவை சில மட்டுமே. மின்னழுத்தம் 12 வோல்ட்டா, 6 வோல்ட்டா, 24 வோல்ட்டா? சுருளின் மறுமுனை உடலோடு இணைந்து பூமி பெறுகிறதா, தனி முனையாக நிற்கிறதா? சில விநாடி வேலைக்கு உரியதா, தொடர்ந்து இயங்கவல்லதா? போல்ட்டின் கனம் என்ன, பொருத்தும் துளைகளின் இடைவெளி என்ன? இவை ஒத்துவந்தால், ஜீப்புக்குச் செய்த தனி ரிலே காரையும் எழுப்பும்.

ஜெர்மானியத் தரநிர்ணயம் வகுத்த முனை எண்கள் இப்பொதுமையை உலக அளவில் உறுதிசெய்தன. பேட்டரி வரும் முனை 30, சாவியிலிருந்து ஸ்டார்ட்டருக்குச் செல்வது 50, சிறு ரிலேயின் சுருள் முனைகள் 85, 86, வெளியேறும் முனை 87. ஆங்கிலமோ இந்தியோ படிக்கத் தெரியாத பட்டறைச் சிறுவனுக்கும் இவ்வெண்கள் தெரியும். பழைய கார் வைத்திருப்போர் பலர் இன்றும் கையாளும் மலிவான தீர்வு ஒன்று இதிலிருந்தே பிறந்தது. கம்பிகள் முதுமையுற்றுச் சொலினாய்டுக்கு மின்னழுத்தம் குறைந்து சேரும்போது, ஹாரனுக்குப் பயன்படும் சதுர ரிலே ஒன்றை இடையில் சேர்ப்பர். பழைய சாவித்துளையின் சுமை குறையும். சொலினாய்டு மீண்டும் உயிர்பெறும். ஆனால் அச்சதுர ரிலே சொலினாய்டின் சுருளுக்கு மட்டுமே மின்னோட்டம் தரவல்லது. மோட்டாரின் நேரடிப் பாதையில் வைத்தால் உருகிவிடும். இந்த வேறுபாட்டை அறிந்தவரே மெக்கானிக், அறியாதவர் பொருத்துநர் மட்டுமே.

வாகன உறுப்புகளில் பல சிறுதொழில் துறைக்கென ஒதுக்கப்பட்டதும் மலிவுக்குத் துணைநின்றது. தில்லி காஷ்மீரி கேட் போன்ற மொத்தச் சந்தைகள் வழியே சிறு பட்டறைகளின் சரக்கு நாடெங்கும் சென்றது. இதனால் ஒரே உறுப்புக்குப் பல படிநிலைகள் தோன்றின: நிறுவன முத்திரை பெற்ற ‘ஒரிஜினல்’, பெயர் தெரியாப் பட்டறையின் ‘லோக்கல்’, முத்திரையைத் திருடிய ‘டூப்ளிகேட்’, திறந்து சீர்செய்த ‘ரீகண்டிஷன்’. இவற்றை ஒரே கூடையில் போட்டுப் ‘போலி’ என்று ஒதுக்குவது ஆய்வுக்கு உதவாது. ‘லோக்கல்’ என்பது மறைப்பில்லாத மலிவு. ‘டூப்ளிகேட்’ என்பது ஏமாற்று. ‘ரீகண்டிஷன்’ என்பது உழைப்பின் விலை. சந்தை இம்மூன்றையும் தெளிவாகப் பிரித்தே பேசுகிறது.

4. டாக்சி என்னும் காப்பாளர்

தனிமனிதர் வைத்திருக்கும் பழைய கார், ஓர் உதிரிபாகச் சந்தையைத் தாங்காது. அவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு ரிலே வாங்குவார். டாக்சியோ காலைமுதல் இரவுவரை நின்று நின்று எழுகிறது. வீட்டுக்கார் ஒரு மாதத்தில் செய்யும் தொடக்கங்களை அது ஓரிரு நாளில் செய்துவிடும். அத்தகைய வண்டிகள் பல்லாயிரம் ஒரே நகரில், ஒரே வடிவில் ஓடியபோது, தேய்மானமே ஒரு தொழிலாயிற்று. கடைக்காரரின் அலமாரியில் சரக்கு தேங்கவில்லை. தேங்காத சரக்கில் சிறு இலாபம் போதும். சிறு இலாபம் போதுமென்றால் விலை குறையும்.

ஆகவே மாட்டுங்காவில் ஓய்வுபெற்ற கணக்கரின் ஃபியட்டையும், செம்பூரில் ஆலைப் பொறியாளரின் பத்மினியையும் உண்மையில் காத்துவந்தவர் டாக்சி ஓட்டுநரே. இக்கூற்றில் மிகையில்லை. நடுத்தரவர்க்கத்தின் கார், உழைப்பாளியின் கார் உண்டாக்கிய சந்தையின் நிழலில் வாழ்ந்தது. சென்னை வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டை ஒப்பிடலாம். 1961-இல் வந்த அழகிய வண்டி அது. ஆனால் அதற்குப் பம்பாய் டாக்சியைப் போன்றதொரு பெரும்படை வாய்க்கவில்லை. கொல்கத்தாவில் அம்பாசடருக்கு வாய்த்தது. ஒரு வண்டியின் முதுமையை அதன் அழகு முடிவுசெய்வதில்லை. எத்தனை பேர் அதைக் கொண்டு சோறு தின்றார்கள் என்பதே முடிவுசெய்கிறது.

5. மித்தி ஆற்றின் இருகரை

வரைபடத்தை விரித்துப் பார்க்க வேண்டுகிறேன். பத்மினி பிறந்த குர்லா, பழையன பிரிக்கப்படும் தாராவி, நடுத்தரத் தமிழரின் மாட்டுங்கா, ஆலைகளுக்கு அருகான செம்பூர் ஆகிய அனைத்தும் மித்தி ஆற்றையும் சயானையும் நடுவாகக் கொண்டு ஒரு சில கிலோமீட்டருக்குள் அடங்குகின்றன. குர்லாவிலிருந்து கலீனா நோக்கிச் செல்லும் சி.எஸ்.டி. சாலை, பழைய கார்களின் உறுப்புகளுக்குப் பேர்பெற்ற இடம். 1930களிலேயே மூடப்பட்ட சென்ட்ரல் சால்செட் டிராம்வேயின் பெயரை அச்சாலை இன்னும் தாங்கி நிற்கிறது. தென்பம்பாயில் ஓபெரா ஹவுஸ் பகுதிக் கடைகள் புதிய சரக்குக்குரியவை. இங்கே குர்லாப் பக்கத்தில், கழற்றிய சரக்கே அரசு.

பழைய இரும்புக் கடையைத் தமிழில் ‘காயலான் கடை’ என்கிறோம். காயல்பட்டின வணிகரோடு அச்சொல்லை இணைப்பது வழக்கு. சென்னைப் புதுப்பேட்டையை அறிந்தவர்க்கு விளக்கம் தேவையில்லை. மும்பையில் அதே கடைக்குப் ‘பங்கார்’ கடை என்று பெயர். தாராவியின் 13-ஆம் காம்பவுண்டுப் பகுதியில் நகரத்தின் கழிவு வகைவகையாகப் பிரிகிறது. பிளாஸ்டிக், அட்டை, தகரம், அலுமினியம், செம்பு என ஒவ்வொன்றுக்கும் தனிக் கைகள் உண்டு. அங்கு உழைப்போரில் பலர் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். திருநெல்வேலியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோல் பதனிட வந்த தமிழரின் வழித்தோன்றல்கள் அவர்களுக்கு அண்டையில் வாழ்கிறார்கள்.

இந்த உலகில் ஒரு பழைய ரிலேக்கு இரு விலைகள் உண்டு. முதலாவது எடை விலை. கழற்றுபவர் அதை உடைத்தால் செப்புக்கம்பி ஒரு குவியலுக்கும், இரும்புக்கூடு ஒரு குவியலுக்கும், பேக்கலைட் மூடி குப்பைக்கும் போகும். இரண்டாவது உருப்படி விலை. ‘இது ஃபியட்டின் சொலினாய்டு, சுருள் நலமாக இருக்கிறது, செப்பு முகம் மட்டும் கருகியிருக்கிறது’ என்று ஒரு கண் அடையாளம் கண்டுகொண்டால், அதே பொருள் குவியலிலிருந்து எழுந்து அலமாரிக்குச் செல்லும். இரு விலைகளுக்கும் இடையிலான வேறுபாடே அந்தக் கண்ணின் கூலி. அதை அறிவின் விலை என்று சொல்லத் தயங்கவேண்டியதில்லை.

அவ்வறிவு என்ன செய்கிறது? மூடியைக் கழற்றும்போது சுருளின் மெல்லிய கம்பி அறாமல் பற்றவைப்பை முதலில் இளக்குகிறது. குழிவிழுந்த போல்ட்டை அரைச் சுற்றுத் திருப்பிவைத்து, தேயாத முகத்தை உட்புறம் கொணர்கிறது. வட்டச் செப்புத்தட்டைப் புரட்டிப் போடுகிறது. இரண்டு முகமும் தேய்ந்திருந்தால் அரத்தால் சமன்செய்கிறது. சுருளே கருகியிருந்தால், மோட்டார்க் கம்பி சுற்றுபவரிடம் கொடுத்து, அதே கனமுள்ள கம்பியால் மறுபடி சுற்றச்செய்கிறது. இவ்வளவும் முடிந்தால் ரிலே மீண்டும் நெடுநாள் உழைக்கும். இதற்கு வேண்டியவை ஒரு பற்றவைப்புக்கோல், ஓர் அரம், நெடுநாள் பழகிய விரல்கள். பிற்கால ரிலேக்கள் பல, மூடியை மடித்து முத்திரையிட்டே வருகின்றன. அவற்றைத் திறந்தால் மூட இயலாது. பழுது பார்க்க முடியாமை பொருளின் இயல்பன்று. அது வடிவமைப்பில் செய்யப்பட்ட ஒரு தேர்வு.

6. மாட்டுங்கா, செம்பூர்: வாங்குபவர்கள்

மும்பைத் தமிழரைப் பற்றிய நம் ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு பாதைகளில் செல்கின்றன. ஒன்று, தாராவியின் குடியேற்றமும் அரசியலும். மற்றொன்று, மாட்டுங்காவின் பள்ளி, சபா, கோயில், உணவகம். 1932-இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும், 1966-க்குப் பின் ‘மதராசி’ எழுத்தர்களைக் குறிவைத்த சிவசேனை அரசியலும் அக்கதையின் தூண்கள். இரு பாதைகளும் சந்திக்கும் இடம் அரிதாகவே எழுதப்படுகிறது. வகுப்பும் சாதியும் பிரித்துவைத்த இவ்விரு தமிழ் உலகங்களும், உறவுமுறையாலோ விழாவாலோ சேராதபோது, பழுதுபார்க்கும் சந்தையின் நீண்ட சங்கிலியில் ஒன்றையொன்று தொட்டன.

1954, 1955-ஆம் ஆண்டுகளில் டிராம்பே-மாகுல் பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. அணு ஆய்வு நிலையமும் உர ஆலையும் தொடர்ந்தன. செம்பூரில் தமிழ் அலுவலரும் பொறியாளரும் பெருகினர். ஆண்டுகள் காத்திருந்து வாங்கிய கார் அவ்வீடுகளில் குடும்பச் சொத்து. அதை விற்றுப் புதிது வாங்குவது 1983 டிசம்பரில் மாருதி வரும்வரை எளிதன்று. எனவே பழுதுபார்த்து வாழ்வதே இல்லற அறமாயிற்று. ‘செல்ஃப்’ எடுக்காத காலையில் வாசலில் தள்ளிவிட்ட கைகள், பள்ளிச் சிறுவரின் கைகள், காவலாளியின் கைகள். மாலையில் பட்டறைக்கு அழைப்பு. ஒரிஜினலா, லோக்கலா, ரீகண்டிஷனா என்ற கேள்விக்கு வீட்டுத்தலைவர் அளித்த விடையில், அவருடைய மாதச் சம்பளத்தின் நிலையைப் படிக்கலாம். வரவுசெலவுக் குறிப்பேடுகளில் இத்தகைய வரிகள் இருக்கும். அவற்றை ஆவணமாக எண்ணும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை.

7. பிற இடங்கள்

இது பம்பாய்க்கு மட்டுமே உரிய கதையன்று. 1960 முதல் அமெரிக்க வணிகத்தடைக்கு உள்ளான கியூபாவில், 1950களின் அமெரிக்கக் கார்கள் சோவியத் உறுப்புகளை ஏற்று உயிர்வாழ்ந்தன. கானாவின் குமாசி நகரில் சுவாமே மேகசின் என்னும் பட்டறைப் பகுதி, உலகின் கைவிட்ட வண்டிகளுக்கு மறுபிறவி கொடுத்துவருகிறது. புதுப்புனைவுகளின் வரிசையாகத் தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவதை மறுத்து, பயன்பாட்டையும் பராமரிப்பையும் மையமாக்க வேண்டும் என்று டேவிட் எட்ஜர்டன் வாதிட்டார். இந்தியாவில் மிதிவண்டி, தையல் எந்திரம், தட்டச்சு எந்திரம் ஆகிய அன்றாடக் கருவிகளின் வரலாற்றை டேவிட் ஆர்னால்டு எழுதினார். அவர்கள் திறந்த வாசலில் நாம் இன்னும் உள்ளே செல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கருவியையும் விடச் சிறிய அலகு, அக்கருவியின் உதிரிபாகம். அந்த அலகில்தான் அரசும் ஆலையும் சந்தும் ஒருங்கே தெரிகின்றன.

பம்பாயின் தனித்தன்மை ஒன்றுண்டு. கியூபாவில் தடையால் உறுப்பு வரவில்லை. இங்கே உறுப்பு உள்நாட்டிலேயே உருவாகியது. கியூப மெக்கானிக் இல்லாமையோடு போராடினார். குர்லா மெக்கானிக்கோ, நிறைந்து கிடந்த ஒரே வடிவத்தின் உயர்ந்த தரத்துக்கும் தாழ்ந்த தரத்துக்கும் இடையே தேர்வு செய்தார். இவ்வேறுபாட்டை மறந்து இரண்டையும் ‘ஜுகாட்’ என்னும் ஒற்றைச் சொல்லால் மூடுவது, பயிற்சியால் வந்த திறனைத் தற்செயலான சாமர்த்தியமாகக் குறைத்துவிடும். போல்ட்டை அரைச் சுற்றுத் திருப்புபவர் தந்திரம் செய்யவில்லை. தேய்மானம் எந்த முகத்தில் நேரும் என்பதை அறிந்தே செய்கிறார்.

8. மூன்றாவது விலை

2000-ஐ ஒட்டிப் பத்மினியின் உற்பத்தி நின்றது. குர்லாத் தொழிற்சாலை நிலத்தில் குடியிருப்புகளும் வணிகக் கட்டடங்களும் எழுந்தன. டாக்சிகளுக்கு 2008-இல் 25 ஆண்டு, 2013-இல் 20 ஆண்டு என வயது வரம்பு வகுக்கப்பட்டது. நகரின் காற்றை நினைத்தால் இதைக் குறைகூற இயலாது. ஆனால் படை கலைந்தபோது, அதன் நிழலில் நின்ற சந்தையும் கலைந்தது. அலமாரியில் தேங்கும் சரக்கைக் கடைக்காரர் எடைக்குத் தள்ளுகிறார். உருப்படி விலை எடை விலையை நோக்கிச் சரிகிறது. நேற்றுவரை பொருளாக இருந்த சொலினாய்டு இன்று செம்பாகிறது.

அதே வேளையில் எதிர்த்திசையில் மூன்றாவது விலையொன்று எழுகிறது. 2021-இல் ஒன்றிய அரசு, 50 ஆண்டைக் கடந்த தொன்மை வாகனங்களுக்குத் தனிப்பதிவு விதிகளை வகுத்தது. பழைய கார் சேகரிப்பாகிறது. சேகரிப்பாளர் முத்திரையோடு கூடிய, பெட்டி பிரிக்காத பழைய உறுப்பைத் தேடுகிறார். அவருக்கு ஓடும் ரிலே போதாது, ‘சரியான’ ரிலே வேண்டும். இது அரும்பொருள் விலை. எடை விலைக்கும் அரும்பொருள் விலைக்கும் நடுவில் இருந்த உருப்படி விலை, அதாவது உழைக்கும் மனிதன் கொடுக்கக்கூடிய விலை, மெல்ல மறைகிறது. பாட்டனாரின் பத்மினியை ஓடவைக்க விரும்பும் இளைஞர் ஒருவர் இன்று மலிவான ரிலே கிடைக்கவில்லை என்று வருந்தும்போது, அவர் வருந்துவது உண்மையில் இந்த நடுவிலையின் மறைவுக்குத்தான். அவருக்கு நான் சொல்வது, கார்ப் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள் என்பதே. பழைய ரிலேயைக் கையோடு கொண்டுசென்று, வோல்ட்டையும் சுருளின் பூமி இணைப்பையும் போல்ட்டின் கனத்தையும் காட்டுங்கள். அதற்கு முன், அதைத் திறக்கத் தெரிந்தவர் அருகில் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

அத்தகையவர் எத்தனை நாள் இருப்பார் என்பதுதான் கவலை. 2021-இல் அறிவிக்கப்பட்ட பழைய வாகன அழிப்புக் கொள்கை, வண்டிகளைப் பதிவுபெற்ற மையங்களுக்குக் கொண்டுசெல்கிறது. தாராவி மறுவளர்ச்சித் திட்டத்தின் ஏலம் 2022-இல் முடிந்தது. எதிர்காலத் தாராவியில் வீட்டுக்கு எத்தனை சதுர அடி என்பதைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. புகையும் இரைச்சலும் உள்ள பட்டறைக்கும், பிரித்தெடுக்கும் திண்ணைக்கும் எங்கே இடம் என்பதும் அதே அளவு பேசப்பட வேண்டும். எடை விலையையும் உருப்படி விலையையும் பிரித்தறியும் கண், இடத்தோடும் பக்கத்துக் கடையோடும் சேர்ந்தே வாழ்வது. கம்பி சுற்றுபவர் ஓர் ஊருக்கும், கழற்றுபவர் மற்றோர் ஊருக்கும் போனால், இருவருமே தம் தொழிலில் பாதியை இழப்பர்.

9. மாணவர்களுக்கு

முனைவர்ப் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இதைக் கருதிப்பார்க்கலாம். சுங்கவரி ஆணைய அறிக்கைகள், விலைநிர்ணய வழக்கின் தீர்ப்பு, உறுப்புப் பட்டியல் கையேடுகள், ஒரு பொருள் வாகன உறுப்பா மின்பொருளா என்று வாதிட்ட விற்பனைவரி வழக்குகள் ஆகியவை நூலகங்களில் கிடைக்கக்கூடியவை. கடைகளின் பில் புத்தகங்கள், பட்டறைகளின் கடன் நோட்டுகள், மாட்டுங்கா செம்பூர் வீடுகளின் வரவுசெலவு ஏடுகள் நூலகத்தில் இல்லை. அவை பரணில் இருக்கின்றன, அல்லது நாளை காகித எடைக்குப் போகும். வாய்மொழி வரலாறு பதிவுசெய்வோர், ‘எப்போது வந்தீர்கள், எங்கிருந்து வந்தீர்கள்’ என்பதோடு நிறுத்தாமல், ‘இதை எப்படித் திறப்பீர்கள்’ என்றும் கேட்கவேண்டும். விடையைச் சொல்லால் தர இயலாதவர் கையால் காட்டுவார். அந்தக் கையையும் பதிவுசெய்யுங்கள்.

உங்கள் வீட்டில் ஃபியட், பத்மினி, அம்பாசடர், ஹெரால்டு ஆகியவற்றின் பழுதுச் சீட்டுகளோ பட்டறை ரசீதுகளோ இருந்தால், எறிந்துவிடாமல் ஆண்டும் ஊரும் குறித்து வையுங்கள். தொகை சிறியதாக இருந்தாலும், எந்த உறுப்பு, எந்தத் தரம், மாற்றினார்களா சீர்செய்தார்களா என்ற மூன்று விவரங்கள் போதும். ஒரு நகரம் தன் பொருள்களை எவ்வளவு காலம் உயிரோடு வைத்திருந்தது என்பதைக் கணக்கிட அவற்றிலிருந்து தொடங்கலாம்.